டிக்கியில் இடி, சீட்டில் தூறல்: ஒரு காரில் காணாமல்போன பேஸ்

தங்கை வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "மச்சான், இதுக்கு 15 இன்ச் ஊஃபர் போட்டுடலாமா?"

ஊஃபர் என்பது பேஸை, அதாவது கீழ்ச்சுருதி ஒலியை, மட்டும் பாடும் பெரிய ஸ்பீக்கர். காரில் ஏற்கெனவே 12 அங்குல ஊஃபர் இருந்தது. அதற்கு முன் 10 அங்குலம். பத்து பத்தாது என்று பன்னிரண்டு போட்டார். போட்ட பிறகு முன்னைவிட மோசம் என்றார். கடைக்காரர் இப்போது ஆம்பை, அதாவது ஊஃபருக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரை, மாற்றச் சொல்கிறாராம். பெட்ரோல் விலையைப் பற்றி வாரம் ஒருமுறை புலம்பும் மனிதர், இதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை.

கார், பத்து வருடம் ஓடிய சிறிய செடான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டேஷ்போர்டில் ஆண்ட்ராய்டு திரை வைத்த செட், முன்கதவுகளில் 6 அங்குல ஸ்பீக்கர்கள், பின்சீட்டுக்கு மேலே பார்சல் ட்ரேயில் இரண்டு ஓவல் ஸ்பீக்கர்கள், டிக்கியில் பெட்டியோடு ஊஃபர், பக்கத்தில் ஊஃபருக்கு மட்டுமான ஒரு மோனோ ஆம்ப். ஆம்பின் நெற்றியில் தங்க எழுத்தில் 1200 வாட்ஸ் என்று போட்டிருந்தது.

புகார் இதுதான்: டிக்கியைத் திறந்துவைத்து வெளியே நின்றால் வயிற்றில் உதைக்கிறது. மூடிவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. நானும் உட்கார்ந்து கேட்டேன். மிருதங்கத்தின் தொப்பியில் ரவை ஒட்டாமல் வாசித்தது மாதிரி இருந்தது. சத்தம் இருக்கிறது, கனம் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்தக் கொஞ்சமும் டயர் இரைச்சலில் கரைந்துவிடும் என்றார். டயரும் காற்றும் எழுப்பும் இரைச்சலில் பெரும்பகுதி கீழ் அலைவரிசையில்தான் இருக்கிறது. அது முதலில் விழுங்குவது பேஸைத்தான்.

என் தொழில் பஞ்சாலையில் மின் பராமரிப்பு. கார் ஆடியோ ஒரு பொழுதுபோக்கு. கையில் இருந்தவை ஒரு மல்டிமீட்டர், டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டர், சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிய 1.5 வோல்ட் செல், 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாகச் சோதனை ஒலிகள் ஏற்றிய ஒரு பென் டிரைவ்.

முதல் ஒரு மணி நேரத்தை நானே வீணாக்கினேன். ஃபோனில் ஒலி அளக்கும் செயலியைப் போட்டு, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடு பாதாளத்தில் விழுவதைப் பார்த்து, "ஊஃபர் பெட்டி தப்பு" என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் வீட்டு ஹாலில், நன்றாக வேலை செய்யும் ஹோம் தியேட்டர் முன்னால் அதே ஃபோனை வைத்தால் அங்கேயும் அதே பாதாளம். ஃபோன் மைக் பேச்சுக்காக வைத்தது. பல ஃபோன்களில் கீழ்ச்சுருதியை வேண்டுமென்றே வெட்டிவிடுகிறார்கள். ஒரே ஃபோனை ஒரே இடத்தில் வைத்து, ஒரே ஹெர்ட்ஸில் முன்னும் பின்னும் ஒப்பிடலாம். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

காசில்லாத சோதனைகள்

ஆம்பைப் பார்த்ததும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அதில் இருந்த நான்கு திருகுகளும் வலப்பக்கம் கடைசிவரை திருகியிருந்தன. கெயின் (வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது) முழுசு, பேஸ் பூஸ்ட் முழுசு, லோ பாஸ் (குறிப்பிட்ட அளவுக்கு மேலே உள்ள ஒலியை வெட்டுவது) முழுசு, சப்சானிக் முழுசு. "எல்லாம் ஃபுல்லா வெச்சிருக்கேன் மச்சான்" என்று பெருமையாகச் சொன்னார் மாப்பிள்ளை. சப்சானிக் திருகு பேஸைக் கூட்டுவதில்லை. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுவதே அதன் வேலை. இந்த ஆம்பில் அதன் கடைசி எல்லை 50 ஹெர்ட்ஸ். ஊஃபர் எதற்காக இருக்கிறதோ அந்தப் பகுதியையே அவர் வெட்டிக்கொண்டிருந்தார். அதை 25க்கு இறக்கினேன். பேஸ் பூஸ்டைப் பூஜ்யத்துக்கும் லோ பாஸை 80க்கும். கொஞ்சம் உயிர் வந்தது, அவ்வளவே.

அடுத்து ஊஃபரை நிறுத்திவிட்டு முன்கதவு ஸ்பீக்கர்களை மட்டும் பாட விட்டேன். செட்டில் பாலன்ஸை இடப்பக்கம் முழுதும் தள்ளினேன்: டிரம் அடி தடித்துக் கேட்டது. வலப்பக்கம் முழுதும்: அதுவும் தடிப்பாகவே கேட்டது. நடுவில் வைத்தேன்: மெலிந்துபோனது. இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடும்போது ஒன்று தனியாகப் பாடுவதைவிடக் குறைவாகக் கேட்டால், இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்றுதான் பொருள். பாட்டில் பேஸ் பெரும்பாலும் இடம் வலம் இரண்டிலும் ஒரே மாதிரி பதிவாகியிருக்கும். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். கதவுக்குக் கதவு ஒன்றரை மீட்டர்கூட இல்லை. ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால், காருக்குள் எங்கே உட்கார்ந்தாலும் கீழ்ச்சுருதி காலி. பாடகர் குரல் மட்டும் தப்பிக்கும், ஆனால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் மிதக்கும். இந்தக் காரில் குரலும் அப்படித்தான் மிதந்தது. அவர் அதை 'சரவுண்டு' என்று நினைத்திருந்தார்.

செட்டின் பின்னால் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, செல்லை ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். வெளியே வாங்கிப் போடும் செட்டுகளில் இட முன் ஸ்பீக்கருக்கு வெள்ளை, வல முன்னுக்குச் சாம்பல். கறுப்புக் கோடு போட்ட ஜோடி நெகட்டிவ். செல்லின் பாசிட்டிவை வெள்ளையில் தொட்டதும் இடப்பக்க ஸ்பீக்கரின் கோன் (காற்றைத் தள்ளும் கூம்பு) வெளியே குதித்தது. சாம்பலில் தொட்டால் வலப்பக்கம் உள்ளே போனது. கதவுப் பேனலைக் கழற்றினால், கம்பெனி சாக்கெட்டை வெட்டி எறிந்துவிட்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், ஜோடி மாறி. பெரும்பாலான ஸ்பீக்கர்களில் அகலமான முனைதான் பாசிட்டிவ். அதைப் பார்த்திருந்தாலே போதும். மாற்றிப் போட்டேன். 80, 100 ஹெர்ட்ஸில் உதை திரும்பி வந்தது.

மாப்பிள்ளை அதோடு திருப்திப்பட்டுக் கிளம்பியிருப்பார். ஆனால் அது கதவு ஸ்பீக்கர்களின் பேஸ். டிக்கியில் இருப்பது இன்னும் தன் வேலையைச் செய்யவில்லை.

3.7 ஓம்

அந்த 12 அங்குல ஊஃபர் இரட்டைக் காயில் வகை: கோனை அசைக்கும் கம்பிச்சுருள் இரண்டு. இரண்டு காயில்களும் தலா 4 ஓம். இணையாகச் சேர்த்தால் ஆம்புக்கு 2 ஓம் தெரியும், தொடராகச் சேர்த்தால் 8. மீட்டரில் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும். 4 ஓம் காயில் என்பது டிசியில் மூன்றரை ஓம் பக்கம் இருக்கும். ஆக, ஆம்ப் முனையில் வயரைக் கழற்றி அளந்தால் ஏறத்தாழ 1.8 அல்லது 7 வர வேண்டும். எனக்கு வந்தது 3.7. இந்த எண்ணுக்கு ஒரே அர்த்தம்தான்: ஒரு காயில் மட்டுமே வேலை செய்கிறது.

ஊஃபரைப் பெட்டியிலிருந்து இறக்கிப் பார்த்தேன். இரண்டாவது காயில் எரிந்திருக்கும் என்று நினைத்தால், அது நன்றாகவே இருந்தது. அதற்குப் போக வேண்டிய வயர் பிடுங்கப்பட்டு, முனையில் ஒழுங்காக டேப் சுற்றி, பெட்டிக்குள் ஓரமாக மடக்கி வைக்கப்பட்டிருந்தது. தவறி விழுந்ததில்லை, யாரோ யோசித்துச் செய்த காரியம். அதே வோல்டேஜில் ஒரு காயிலை மட்டும் ஓட்டினால் கோனைத் தள்ளும் விசை பாதி. ஒலியில் ஏறத்தாழ 6 டெசிபல் போய்விடும். அதோடு கோனைக் கட்டுப்படுத்தும் பிடியும் தளர்ந்து, அடி முடிந்த பிறகும் 'ம்ம்ம்' என்று இழுக்கும்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? அந்த நேரத்தில் எனக்குப் புரியவில்லை. காயிலைச் சேர்த்துவிட்டேன். 50 ஹெர்ட்ஸில் ஃபோன் செயலி சுமார் 6 டெசிபல் கூடுதல் காட்டியது. மாப்பிள்ளை முகத்தில் தீபாவளி. வால்யூமை இன்னும் இரண்டு படி ஏற்றினார். ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்தது, பேஸ் அறுந்தது.

"ஆங், இதேதான் மச்சான்! புதுசா போட்ட முதல் வாரம் இப்படித்தான் அடிக்கடி நின்னுபோச்சு. கடையில கொடுத்தேன், சரி பண்ணிட்டாங்க."

சரி பண்ணிய லட்சணம் இப்போது தெரிந்தது. ஆம்ப் ஏன் நிற்கிறது என்று பார்க்காமல், நிற்காத அளவுக்கு அதன் சுமையைக் குறைத்திருக்கிறார்கள். ஒரு காயிலைக் கழற்றினால் 2 ஓம் 4 ஆகிறது, இழுக்கும் கரண்ட் குறைகிறது, சிவப்பு விளக்கு எரிவதில்லை, வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போகிறார். ஒரு மாதம் கழித்து 'பேஸ் இல்லையே' என்று திரும்பி வருகிறார். அப்போது அந்த வயர் யாருக்கும் நினைவில் இருக்காது.

ஆம்ப் ஏன் நின்றது

எஞ்சினை ஓட்டிக்கொண்டே அளந்தேன். இதில் பலரும் பேட்டரி முனையில் 14 வோல்ட் இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். அளக்க வேண்டிய இடம் ஆம்பின் முனை, அதுவும் ஆம்ப் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கும்போது. ஒரு காயிலோடு, 50 ஹெர்ட்ஸ் ஒலியில், கிளாம்ப் மீட்டர் 18 ஆம்பியர் காட்டியது. பேட்டரியில் 13.9 வோல்ட், ஆம்பில் 12.0. வழியிலேயே 1.9 வோல்ட் செலவாகிறது. இரண்டு காயிலையும் சேர்த்துக் கரண்டை 30 ஆம்பியருக்கு மேல் ஏற்றியபோது ஆம்ப் முனை 10.4க்கு இறங்கியது, விளக்கு எரிந்தது. வோல்டேஜ் இந்த அளவுக்கு இறங்கினால் பல ஆம்புகள் தங்களைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ஆம்ப் தன் கடமையைச் செய்திருக்கிறது.

1.9 வோல்ட் எங்கே போகிறது என்று பிரித்துப் பார்த்தேன். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை ஆம்ப் பாசிட்டிவில்: 0.7. பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்பின் எர்த் முனைக்கும் நடுவே: 1.2. முக்கியக் குற்றவாளி எர்த், அதாவது கரண்ட் வண்டியின் தகரம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. டிக்கித் தரையில் பெயின்ட் மேலேயே ஒரு தகரத் திருகைப் போட்டு வயரை அழுத்தியிருந்தார்கள். திருகின் மரை மட்டும்தான் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கையால் ஆட்டினால் ஆடியது.

பாசிட்டிவ் வயர் வெளிப்பார்வைக்கு விரல் தடிமன். வெட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் பிளாஸ்டிக். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினேன்; செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளி மாதிரி மின்னியது. செம்பு முலாம் பூசிய அலுமினியம். இப்படிப்பட்ட வயர் அதே தடிமனுள்ள செம்பைப்போல ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். இன்னொரு விஷயம், மொத்த வேலையிலும் என்னைப் பயமுறுத்தியது இதுதான்: பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸே இல்லை. அந்த வயர் எங்காவது தகரத்தில் உரசித் தோல் போயிருந்தால் பேட்டரியின் முழுக் கரண்டும் அதில் பாய்ந்து வண்டி தீப்பிடித்திருக்கும். ஆம்பில் இருக்கிற ஃப்யூஸ் ஆம்பைக் காப்பாற்றும், ஐந்து மீட்டர் வயரைக் காப்பாற்றாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்குப் போய் சுத்தச் செம்பில் 4 கேஜ் வயர் வாங்கிவந்தோம். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி 40 ஆம்பியர் ஃப்யூஸ். எர்த்துக்கு வேறு இடம் தேர்ந்தெடுத்து, கீழே பெட்ரோல் டேங்கோ குழாயோ இல்லை என்று வண்டிக்கடியில் படுத்துப் பார்த்த பிறகே துளை போட்டேன். உப்புத்தாள் தேய்த்து இரும்பு பளபளக்கும்வரை பெயின்ட்டை எடுத்து, லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து, பல் வாஷரோடு போல்ட்டும் நட்டும் முடுக்கி, துரு ஏறாமல் இருக்க மேலே வாசலின் தடவினேன். எர்த் வயர் இரண்டு சாண் நீளம்தான். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுத்தால் சுலபம் என்று மாப்பிள்ளை சொன்னார். உயிரைப் பிடிக்கிற போல்ட்டை ஊஃபருக்காகக் கழற்ற எனக்கு மனசில்லை.

இப்போது இரண்டு காயிலோடு 32 ஆம்பியர் இழுக்கும்போதும் ஆம்ப் முனையில் 13.3 வோல்ட். சிவப்பு விளக்கு எரியவில்லை.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நல்ல வயர் போட்டால் பேஸ் இரட்டிப்பாகும் என்று கடைகளில் சொல்வார்கள். கணக்குப் போட்டால், நிற்பதற்கு முன் ஆம்புக்கு 11.4 வோல்ட் கிடைத்தது என்று வைத்துக்கொண்டு, அதற்கு 13.3 கொடுத்தால் அதன் உச்சத் திறன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். காதுக்கு அது 1.3 டெசிபல்தான், அதுவும் வால்யூமை உச்சத்தில் வைக்கும்போது மட்டும். இந்தக் காரில் வயர் முக்கியமானதற்குக் காரணம் அந்த 1.3 இல்லை. வயரும் எர்த்தும் மோசமாக இருந்ததால்தான் காயில் கழற்றப்பட்டது, 6 டெசிபல் போனது.

கெயினையும் அப்போதே சரிசெய்தேன். ஆம்பின் ஃப்யூஸ் 30 ஆம்பியர். 13.8 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போவதே 414 வாட்ஸ். வெப்பமாகப் போவதைக் கழித்தால் வெளியே வருவது சுமார் 300. நெற்றியில் எழுதிய 1200ஐ மறந்துவிடலாம். 300ஐ 2 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 24.5 வோல்ட். ஊஃபரைக் கழற்றிவிட்டு, செட்டின் வால்யூமை முக்கால் பாகம் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியில் ஆம்பின் வெளியீடு ஏசி 24.5 வோல்ட் காட்டும்வரை கெயினைத் திருகினேன். பாதிக்கும் கீழேயே வந்துவிட்டது. 'ஃபுல்லா' வைத்திருந்த காலத்தில் அந்த ஊஃபர் கேட்டது இசையின் அலையை அல்ல, தலையும் காலும் வெட்டிய அலையை.

டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவே

இவ்வளவுக்குப் பிறகும் முதல் புகாரில் ஒரு பகுதி மிச்சம் இருந்தது. டிக்கிக்குள் இருக்கும் பேஸில் பாதிதான் முன்சீட்டுக்கு வருகிறது. ஹேட்ச்பேக்கில் இந்தத் தொல்லை கிடையாது. ஊஃபரும் நாமும் ஒரே அறையில் இருக்கிறோம். செடானில் டிக்கி தனி அறை. நடுவே தகரம், அதன்மேல் ஸ்பாஞ்சு வைத்த முதுகுச்சாய்வு. இந்தக் காரில் அது மடங்காது. ஊஃபர் பெட்டியோ சீட்டின் முதுகில் முகத்தை ஒட்டவைத்து நின்றுகொண்டிருந்தது.

பெட்டியைப் பின்னுக்கு நகர்த்தி, ஊஃபர் டிக்கி மூடியைப் பார்க்கும்படி திருப்பினேன். முதுகைக் காட்டினால் சத்தம் குறையும் என்று மாப்பிள்ளைக்குச் சந்தேகம். 50 ஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் பெரிதாகக் கிடையாது. பெட்டி நிற்கும் இடமும், ஒலி வெளியேற இருக்கும் வழியும்தான் கணக்கு. அந்த வழிக்காகப் பார்சல் ட்ரேயில் இருந்த இரண்டு ஓவல் ஸ்பீக்கர்களையும் கழற்றி, துளைகளின் மேலே ஜாலியை மட்டும் மாட்டினேன். அவைதான் டிக்கிக்கும் சீட்டுப் பகுதிக்கும் இடையே இருந்த பெரிய ஜன்னல்கள். பெட்டி திரும்பியதும் ஜன்னல் திறந்ததும் சேர்ந்து இன்னும் 4 டெசிபல் கொடுத்தன.

பின்சீட்டில் வழக்கமாக உட்காருபவர் மாப்பிள்ளையின் அம்மா. ஸ்பீக்கரைக் கழற்றியதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மாப்பிள்ளை தயங்கிக்கொண்டிருந்தார். அத்தை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "இப்பத்தான் காதுக்குப் பின்னாடி கத்தாம இருக்கு" என்றார்.

கடைசியாக 63, 80 ஹெர்ட்ஸ் ஒலிகளில் ஒரு பள்ளம். ஊஃபர் பாதி, கதவு ஸ்பீக்கர் பாதியாகச் சுமக்கும் எல்லை இது. ஊஃபர் என் காதிலிருந்து இரண்டு மீட்டர், கதவு ஸ்பீக்கர் ஒரு மீட்டர். அதோடு இரண்டு பக்க வடிகட்டிகளும் அலையை ஆளுக்கொரு அளவு திருப்புகின்றன. எது சரி என்று தாளில் கணக்குப் போடுவதைவிடச் செய்து பார்ப்பது எளிது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார, மாப்பிள்ளை டிக்கியில் ஊஃபரின் பாசிட்டிவ் நெகட்டிவை மாற்றி மாற்றிப் போட்டார். எது எது என்று சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. மூன்று முறையும் நான் தேர்ந்தெடுத்தது 'தலைகீழாக' மாட்டியதையே. அப்படியே விட்டோம்.

பெட்டியைப் பற்றிச் சொல்லவில்லையே என்று கேட்கலாம். அளந்து பார்த்தேன், ஊஃபரோடு வந்த தாள் கேட்ட கொள்ளளவுக்குச் சரியாகவே தச்சர் செய்திருந்தார். அந்தத் தாளில் இருக்கும் எண்களுக்கு நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற இருவரின் பெயர்தான். தீல் 1961இல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைக்கும் ஊஃபர் பெட்டி செய்கிறவர்களுக்கு அடிப்படை. 15 அங்குலம் போட்டிருந்தால் இதைவிடப் பெரிய பெட்டி வேண்டும், டிக்கியில் அத்தையின் காய்கறிக் கூடைக்கு இடமிருக்காது, காயில் இரண்டில் ஒன்று அப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்த ஞாயிறு முன்கதவுகளின் உள்தகரத்தில் இருந்த ஓட்டைகளைப் பியூட்டைல் ஷீட் (ரப்பர் மாதிரியான ஒட்டும் தாள்) ஒட்டி மூடினோம். ஸ்பீக்கரின் பின்பக்க அலை அந்த ஓட்டைகள் வழியாக முன்னே வந்து முன்பக்க அலையைத் தின்றுவிடும். மூடியதும் கதவைத் தட்டினாலே டொக் என்று கேட்டது, டணங் என்றில்லை. வெயிலில் செய்கிற வேலை இல்லை அது.

பேஸ் வந்ததும் நம்பர் பிளேட் கடகடக்கத் தொடங்கியது. பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டிப் பின்னால் வைத்து முடுக்கினேன், நின்றது. டிக்கி மூடிக்குள் இன்னும் ஏதோ ஒன்று, 42 ஹெர்ட்ஸுக்கு மட்டும், வண்டு மாதிரி ரீங்கரிக்கிறது. அதை இன்னும் பிடிக்கவில்லை.